மெசேஜ் வரட்டும்

திங்கட்கிழமை மத்தியானம் புஷ்பலதா கூப்பிட்டபோது என் கணினித் திரையில் எல்லாமே பச்சையாக இருந்தது. அதைச் சொல்லித்தான் முதலில் அவளை மடக்கப் பார்த்தேன்.

"அண்ணே, உங்க சிஸ்டம் பச்சையோ செவப்போ, அது எனக்குத் தெரியாது லா. தோட்டத்து ஆளுங்க எட்டுப் பேரு சனிக்கிழம டயாலிசிஸ் பண்ணாமத் திரும்பிப் போயிருக்காங்க. பத்து காஜா கிளைக்கு வந்து, கேட் பூட்டியிருக்குதேன்னு நின்னாங்களாம். இன்னிக்கு செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்கே தெரியுது. அவங்களுக்கு மெசேஜே வரல."

புஷ்பலதா ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்தில் அலுவலக வேலை பார்ப்பவள். மையத்துக்கு இரண்டு கிளைகள். ஒன்று பத்து காஜாவில், இன்னொன்று ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு கடை வரிசையில். நோயாளிகளுக்கு எஸ்.எம்.எஸ். போவது எங்கள் மென்பொருள் வழியாக. எங்கள் என்றால் ஈப்போ பழைய டவுனில் காப்பிக் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்திருக்கும் நானும், கோலாலம்பூரில் இருந்துகொண்டு கம்பெனிக்கு முதலாளியாக இருக்கும் ரஜீவும். வேலை என்னுடையது, விசிட்டிங் கார்டு அவனுடையது.

வெள்ளிக்கிழமை பத்து காஜாவில் தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் பழுதாகிவிட்டது. அன்று சாயங்காலமே புஷ்பலதா எல்லாருக்கும் செய்தி அனுப்பினாள்: பத்து காஜா மூடியிருக்கிறது, உங்கள் அடுத்த முறைக்குக் காலை ஆறு மணிக்கு ஜெலாப்பாங் வரவும். மற்றவர்கள் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை அவர்களுக்காக ஜெலாப்பாங்கில் விடியற்காலையிலேயே கதவைத் திறந்து இயந்திரங்களை ஓட்டினார்கள். தோட்டத்து எட்டுப் பேர் மட்டும் வரவில்லை. வரவில்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

"ஞாயித்துக்கிழம மெஷின் சரி செஞ்சாச்சு. ஜெலாப்பாங் வந்தவங்களுக்கெல்லாம் இனி பத்து காஜாவுக்கே வாங்கன்னு மெசேஜ் போட்டேன். இவங்கதான் வரவே இல்லையே, இவங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"இப்ப என்ன அவசரம்? நாளைக்கு அவையளின்ர முறைதானே?"

"அதான்ணே. வியாழக்கிழம பண்ணது. நாளைக்கும் எடம் மாறிப் போயிட்டாங்கன்னா முத்தம்மாக்கா தாங்காது. அதுக்கு ஏற்கனவே ஒருக்கா நெஞ்சுல தண்ணி கட்டி ஆஸ்பத்திரில படுத்துச்சு. ஒரு முற விட்டாலே கால் ரெண்டும் வீங்கிப் போயிரும்."

முத்தம்மாவை நான் பார்த்ததில்லை. பத்து காஜா பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறவர் என்று புஷ்பலதா சொன்னாள். தோட்டத்தை எப்போதோ விற்றாகிவிட்டது. போக இடம் இல்லாத சில குடும்பங்கள் மட்டும் லயத்தில் இருக்கின்றன.

ரஜீவைக் கூப்பிட்டேன். அவன் திரையிலும் பச்சைதான்.

"எல்லாம் போயிட்டுதெண்டுதானே காட்டுது மச்சான். அவங்க போனைப் பாத்திருக்க மாட்டாங்க லா."

பச்சைக்கு என்ன அர்த்தம் என்று இவனுக்கு நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன். செய்தி எங்கள் வரிசையில் ஏறிவிட்டது என்பதற்குத்தான் பச்சை. ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அல்ல. சேர்ந்த பிறகு பச்சை காட்டலாம் என்றால், வாடிக்கையாளர் கண்ணில் மஞ்சளும் சிவப்பும் பட்டால் பயந்துவிடுவார்கள் என்பான். இப்போது பச்சையைப் பார்த்துக்கொண்டு எட்டுப் பேர் வீட்டில் படுத்திருக்கிறார்கள்.

கிளவுட் என்கிற மேகத்துக்குள் போய் வரிசையைத் திறந்தேன். மேகம் என்பது பேச்சுக்குத்தான், யாரோ ஒருவருடைய கணினி. டோல் சாவடி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு போன் நம்பருக்கும் ஒரு பாதை. செய்திகள் முன்பின் மாறாமல் போக வேண்டும் என்பதற்காக, ஒரே பாதையில் முன்னால் நிற்பது நகர்ந்தால்தான் பின்னால் நிற்பது நகரும். கார்டில் காசில்லாத கார் ஒன்று முன்னால் நின்றுவிட்டால், அந்தப் பாதையில் பின்னால் வருகிறவர் எல்லாரும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மற்றப் பாதைகள் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. முன்னால் மாட்டிக்கொண்டதை ஓரம் கட்ட ஒரு தனி வரிசை வேண்டும் என்று ரஜீவிடம் கேட்டிருந்தேன். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றான்.

எட்டுப் பேரும் ஒரே பாதையில் நின்றார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே நம்பர்.

"அது நல்லம்மாக்கா நம்பர்ணே," என்றாள் புஷ்பலதா. "லயத்துல அவங்ககிட்டதான் நல்ல ஹேண்ட்போன் இருக்கு. மத்தவங்க பாதிப் பேருக்குக் கண்ணு தெரியல, மலாய் வாசிக்கத் தெரியல. அவங்கதான் வீடு வீடாப் போய் வாசிச்சுச் சொல்லி, வேன்ல ஏத்தி விடுவாங்க. அவங்க வீட்டுக்காரரு இங்கதான் டயாலிசிஸ் பண்ணாரு. அவரு போயிட்டாரு, ஆனா இவங்க விடல."

ஒரு நம்பர் ஒரு ஆள் என்று நினைத்துக்கொண்டுதான் நாங்கள் இதைக் கட்டினோம். லயத்தில் ஒரு போனுக்கு எட்டு உயிர்.

அந்தப் பாதையின் முகப்பில் நின்ற செய்தியை மட்டும்தான் என்னால் வாசிக்க முடிந்தது. அது நகராமல் பின்னால் உள்ளதைப் பார்க்க வழியில்லை. வியாழக்கிழமை முத்தம்மாவுக்கு அனுப்பியது. அடுத்த மாதம் ஜெலாப்பாங்கில் டாக்டரைப் பார்க்க வரவும் என்று இரண்டு வரி. அடியில் வரைபடத்துக்கு ஒரு இணைப்பு.

அந்த இணைப்புதான் வினை. ஏமாற்றுப் பேர்வழிகள் தொல்லை தாங்காமல், இணைப்பு உள்ள எஸ்.எம்.எஸ். எதையும் இந்த நாட்டில் தொலைபேசி நிறுவனங்கள் வாங்குவதில்லை. எங்கள் நிரல் செய்தியை எடுக்கும், கொடுக்கும், அவர்கள் திருப்பித் தருவார்கள். மறுபடி எடுக்கும், கொடுக்கும். வியாழக்கிழமையிலிருந்து இதே வேலை.

நான் எதுவும் கேட்கும் முன்பே புஷ்பலதா சொன்னாள். "வேன் ஓட்டுற ராமையாண்ணனுக்கு ஜெலாப்பாங் பக்கம் வழி தெரியாதுன்னு சொன்னாரு. அந்தப் பக்கம் எல்லாம் பெக்டரிதானே, சுத்திக்கிட்டே இருப்பாரு. பாவம்னு மேப் போட்டு விட்டேன்ணே. அது போயிருச்சா?"

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. எட்டுப் பேருக்காக மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருக்கிறவளிடம், உன் மேப்தான் எல்லாரையும் மறித்துக்கொண்டு நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? இணைப்பு உள்ள செய்தி வரிசையில் ஏறாதபடி நாளைக்கு நானே நிரலில் ஒரு தடுப்பு வைத்துவிட்டால் போகிறது.

"அதில ஒரு சின்னக் கோளாறு. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

முதலில் நல்லம்மாளுக்கு நேராகப் போன் போட்டேன். வரிசை எப்படியோ போகட்டும், ஆளுக்கு விஷயம் தெரிந்தால் போதுமே என்று நினைத்தேன்.

"யாரு?"

"அக்கா, நான் மதீசன். டயாலிசிஸ் மையத்துக்கு மெசேஜ் அனுப்புற கம்பெனியில இருந்து பேசுறன். நாளைக்கு எல்லாரையும் பத்து காஜாவுக்கே கூட்டிக்கொண்டு போங்கோ. மெஷின் சரியாயிட்டுது."

அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"பத்து காஜாவா? சனிக்கிழம பூட்டிக் கெடந்துச்சே, என் கண்ணால பாத்தேன்."

"அது அப்ப. இப்ப திறந்தாச்சு."

"நீ பேசுறது எந்த ஊருத் தமிழு? மையத்துல யாரும் இப்படிப் பேச மாட்டாங்களே."

"ஈப்போதான் அக்கா. நாங்கள் சிலோன்காரர். முத்தம்மா அக்காவுக்கு நாளைக்குக் கட்டாயம்—"

"முத்தம்மா பேரெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? டேய், போன வருஷம் இப்படித்தான் ஒருத்தன் மையத்துலேருந்து பேசுறேன்னு சொல்லி எங்க லயத்துல ஒருத்தரு காச உருவிட்டான். போன்ல யாரு பேசுனாலும் நம்பாதீங்க, நாங்க போன் பண்ணவே மாட்டோம், மெசேஜ் வந்தாத்தான் நம்பணும்னு புஷ்பா சொல்லியிருக்கு. செவுத்துல ஒட்டியும் வச்சிருக்கு. மெசேஜ் வரட்டும், அப்பப் பாத்துக்குறோம். வச்சிருடா."

வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், போன் அணைந்திருந்தது. புஷ்பலதாவும் போட்டாள், அப்போதும் அணைந்துதான் இருந்தது.

"ஸ்கேம் கால் வந்தா உடனே போன ஆப் பண்ணிரணும்னு கோயில்ல யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்கண்ணே. இல்லன்னா உள்ள உள்ளதெல்லாம் உறிஞ்சிருவானாம். காலைல வேனுக்குக் கெளம்பும்போதுதான் தொறப்பாங்க." அவள் குரல் இறங்கிவிட்டது. "அந்த நோட்டீச நான்தாண்ணே ஒட்டுனேன்."

ராமையாவின் நம்பர் அவளிடம் இல்லை. லயத்துக்கு அவள் போனதும் இல்லை. பதிவில் இருந்தது தோட்டத்தின் பெயரும் லயத்து எண்ணும் மட்டுமே. வரைபடத்தில் அப்படி ஒரு தோட்டமே இல்லை. சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு பத்து காஜா பக்கம் விசாரித்துப் போய்ப் பார்த்தேன். செம்பனைத் தோப்புக்கு நடுவே ஒரு மண் பாதை, அதன் முடிவில் புது வீடமைப்புத் திட்டத்தின் பலகையும் பூட்டிய கேட்டும். காவலுக்கு இருந்த நேப்பாளிப் பையனுக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. திரும்பிவிட்டேன்.

ஆக, மெசேஜ்தான். அவர்கள் நம்பும் ஒரே பொருள் என் கையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

மாடிக்கு வந்து எங்கள் நிரலை நிறுத்தினேன். அது பிடித்து வைத்திருந்த முகப்புச் செய்தி விடுபட்டு வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் நானே அதை எடுத்து அழித்தேன். புஷ்பலதாவிடம் புதுச் செய்தி ஒன்றை எட்டுப் பேருக்கும் போடச் சொன்னேன்: உங்கள் அடுத்த முறைக்குப் பத்து காஜாவுக்கே வரவும். நிரலை மறுபடி ஓட்டினேன். பாதை திறந்துகொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஓடின. எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கீழே கடைக்குப் போய் ஈப்போவின் வெள்ளைக் காப்பி ஒன்று குடித்தேன்.

பாதிக் காப்பியில்தான் உறைத்தது. பின்னால் நின்றுகொண்டிருந்தது வெள்ளிக்கிழமைச் செய்தி. பத்து காஜா மூடியிருக்கிறது, அடுத்த முறைக்கு ஜெலாப்பாங் வரவும். அதில் தேதி இல்லை. அதுவும் எட்டுப் பேருக்கும் போய்விட்டது, புதுச் செய்திக்கு முன்னால்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டும் தொலைபேசி நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தன. போன் அணைந்திருப்பதால் அங்கே காத்திருந்தன. என் வரிசையில் இருந்தவரை நான் அழித்திருக்கலாம். அவர்கள் கைக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியாது.

"கடைசியா வாறது சரியானதுதானே?" என்றான் ரஜீவ். "ரெண்டையும் வாசிச்சா விளங்கும் லா. விடு மச்சான்."

அவன் சொன்னதில் முதல் தடவையாக அர்த்தம் இருப்பதுபோல் பட்டது. நம்ப விரும்பினேன், நம்பினேன்.

விடியும் முன்பே பத்து காஜாவுக்குப் போய்விட்டேன். புஷ்பலதா எனக்கு முன்னால் வந்திருந்தாள். எட்டு நாற்காலிகள் தயாராக இருந்தன, இயந்திரங்கள் ஓடத் தயாராக இருந்தன, தாதி கையுறை போட்டுக்கொண்டு நின்றாள். அந்த நம்பருக்கு எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்ததாகத் தொலைபேசி நிறுவனத்தின் பதிவு என் போனில் காட்டியது. நல்லம்மாள் போனைத் திறந்துவிட்டார்.

ஆறு மணி ஆயிற்று. வேன் வரவில்லை. புஷ்பலதா தன் போனிலிருந்து போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மையத்துப் போனிலிருந்து போட்டாள். எடுக்கவில்லை.

"அண்ணே, ஜெலாப்பாங்தான் போயிருப்பாங்க. அங்க ஏழு மணிக்கு மேலதான் ஆளு வருவாங்க. வந்தாலும் சீட்டு இல்ல, ரெண்டு ஷிப்ட்டும் அவங்க ஆளுங்களுக்கே பத்தல. எப்படியாவது இங்க கூட்டிட்டு வந்திருங்கண்ணே. நான் யாருக்கும் எடத்தக் குடுக்காம வச்சிருக்கேன்."

நான் கார் ஓட்டியதை என் அம்மா பார்த்திருந்தால் சாவியைப் பிடுங்கியிருப்பார்.

ஜெலாப்பாங்கில் கடை வரிசையின் இரும்புக் கதவுகள் எல்லாம் இறங்கியிருந்தன. மையத்துக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன். சிலர் கடை முன் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் வேனுக்குள் சாய்ந்திருந்தார்கள். முன் இருக்கையில் கதவைத் திறந்துவைத்து ஒரு அம்மா இருந்தார். கால்கள் இரண்டும் கீழே தொங்கின. சிலிப்பருக்குள் நுழையாத அளவுக்கு வீக்கம். ஒரு பேச்சுக்கு இரண்டு மூச்சு வாங்கினார். யாரும் சொல்லாமலே அது முத்தம்மா என்று தெரிந்துவிட்டது.

வேன் பக்கத்தில் ஒல்லியாக, தலையில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு அம்மா போனைக் கையில் வைத்தபடி வேன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். நேற்றுக் கேட்ட அதே குரல்.

"நான் மட்டும் ஏமாந்திருந்தா என்னா ஆயிருக்கும் ராமையாண்ணே? நேத்து ஒருத்தன் போன் பண்ணி, பத்து காஜா போ, பத்து காஜா போன்னான். காலைல போனத் தொறக்குறேன், ரெண்டு விதமா மெசேஜ் வந்து நிக்குது. ஒண்ணு பத்து காஜா பூட்டியிருக்கு, ஜெலாப்பாங் வாங்கன்னு. நம்ம கண்ணால பாத்தோம், பூட்டித்தான் இருந்துச்சு. இன்னொண்ணு அந்தத் திருட்டுப் பய சொன்ன மாதிரியே, பத்து காஜா வாங்கன்னு. மையத்துப் பேரையே போட்டு அனுப்பியிருக்கான் பாருங்க. ஆளில்லாத எடத்துக்கு வரவழைச்சு என்ன பண்ணியிருப்பானோ."

"நீ இருக்கப் போயி தப்பிச்சோம்மா," என்றார் ராமையா.

நேற்று நான் அந்தப் போனைப் போடாமல் இருந்திருந்தால், இரண்டு செய்தியையும் பார்த்து இவர் யாரிடமாவது கேட்டிருப்பார். சரியான செய்தியைப் பொய்யாக்கியது என் குரல். இப்போதும் அந்தக் குரலைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"அக்கா," என்றேன். "இங்க இண்டைக்கு இடமில்லை. பத்து காஜா திறந்திருக்குது. புஷ்பலதா அங்கதான் நிக்கிறா. தயவுசெய்து வேனை எடுக்கச் சொல்லுங்கோ."

நல்லம்மாள் திரும்பினார். என் முகத்தை அவருக்குத் தெரியாது. தலையைச் சற்றுச் சாய்த்து, நான் பேசியதை மறுபடி காதுக்குள் ஓட்டிப் பார்ப்பதுபோல் நின்றார்.

"ராமையாண்ணே, வேனக் கெளப்பாதீங்க. இவன்தான்."

ராமையா இறங்கி வந்து எங்கள் நடுவே நின்றார். நான் அடையாள அட்டையைக் காட்டினேன். "இந்த மாதிரி அட்ட கடையில அடிச்சா அஞ்சு வெள்ளி காசுதான்," என்றார் நல்லம்மாள். பெரிய ஆஸ்பத்திரிக்காவது போங்கள், நான் முன்னால் போகிறேன் என்றேன். "இப்ப ஆஸ்பத்திரியா? மொதல்ல பத்து காஜான்னு சொன்ன. இனி அடுத்தாப்ல எங்க?" என்றார். புஷ்பலதாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அவள், "அக்கா, நான் புஷ்பா பேசுறேன், அவரு நம்ம ஆளுதான்," என்று அழாத குறையாகச் சொன்னாள்.

நல்லம்மாளின் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு இறுகிக்கொண்டது.

"கொரலக்கூட அப்படியே செஞ்சு பேசுறானுங்களாம். டிவில காட்டுனாங்க. நீ நெசமாவே புஷ்பான்னா, எங்களுக்கு என்னா சொல்லிக் குடுத்த? போன நம்பாதன்னியா இல்லியா? மெசேஜ் அனுப்பு தாயி. இப்ப, இந்த நேரத்துக்கு, மையத்துப் பேருல வரட்டும். என் பேரப் போட்டு வரட்டும். வந்தா அடுத்த நிமிஷம் கெளம்பிர்றோம்."

அதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. எட்டுப் பேருடைய உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவர் வேறு எப்படிப் பேசுவார்?

"அனுப்புறேன்க்கா, இப்பவே அனுப்புறேன்," என்றாள் புஷ்பலதா. விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். பாதை இப்போது காலிதான், முன்னால் எதுவும் நிற்கவில்லை. நேராகப் போய் விழும். எனக்கு நேற்றிலிருந்து இப்போதுதான் முழு மூச்சு வந்தது.

"எங்கன்னாலும் போலாம் நல்லம்மா," என்றார் முத்தம்மா வேனுக்குள்ளிருந்து. "மூச்சு... முடியல."

"இருக்கா. ஒரு நிமிஷம். மெசேஜ் வரட்டும்."

"போட்டாச்சுண்ணே!" புஷ்பலதா என் காதுக்குள் சொன்னாள். "நல்லம்மாக்கா பேரையும் போட்டு, எல்லாத்தையும் தெளிவா எழுதியிருக்கேன். அங்கேருந்து வர்றதுக்கு ராமையாண்ணனுக்கு வழி தெரியாதுல்ல, மேப்பும் சேத்துப் போட்டிருக்கேன்."

என் போனில் பச்சை விழுந்தது, வரிசையில் ஏறியதற்கான பச்சை. நல்லம்மாள் தன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துச்சா?" என்று கேட்டார் முத்தம்மா.